வரிகளும் வீடுகளும்: தொலைக்காட்சியின் நுண்மை இல்லம் புகுந்த வரலாறு

தோற்றுவாய்

கண்டுபிடிப்புகளின் வரலாற்றை எழுதுவோர் ஆய்வுகூடத்தையே பெரிதும் நோக்குவர். எந்த ஆண்டில் எவ்வறிஞர் எப்பொறியை இயக்கிக் காட்டினார் என்பது தவறாது பதியப்படுகின்றது. அப்பொறியைக் காசு கொடுத்து வாங்கித் தம் வீட்டுக் கூடத்தில் வைத்துக்கொண்ட குடும்பத்தாரின் வரலாறோ அத்துணை விரிவாக எழுதப்படுவதில்லை. தொலைக்காட்சியின் வரலாற்றில் இக்குறை தெளிவாகத் தோன்றுகின்றது. படத்தின் நுண்மை 30 வரிகளிலிருந்து 405, 625, 1080, 2160 என வளர்ந்த கதையைப் பலரும் கூறியுள்ளனர். அவ்வளர்ச்சியின் ஒவ்வொரு படியையும் மக்கள் எப்பொழுது ஏற்றனர், எதன்பொருட்டு ஏற்றனர், எப்பொழுது ஏற்க மறுத்தனர் என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் பொருளாகும்.

இவ்வாராய்ச்சியிற் பெறப்படும் முடிவை முதலிலேயே கூறிவிடலாம். நுண்மை என்ற ஒன்றை மட்டும் விரும்பிப் பெருந்தொகையான மக்கள் புதுப்பெட்டி வாங்கியமைக்குச் சான்று காண்பது அரிது. புதிய நிகழ்ச்சி, நிறம், பெட்டியின் வடிவம், விலைக்குறைவு ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ துணையாக வந்தபோதுதான் நுண்மை இல்லம் புகுந்தது. அவ்வாறு புகும்போது, வீட்டில் ஏலவே இருந்த பழைய பெட்டியை என் செய்வது என்னும் வினா எழுந்தது. அவ்வினாவுக்கு ஒவ்வோர் அரசும் அளித்த விடையிலேயே புதுமுறையின் வெற்றியும் தோல்வியும் தங்கியிருந்தன.

நுண்மை என்பது யாது?

தொலைக்காட்சிப் படம் ஒன்றன்கீழ் ஒன்றாக வரையப்படும் வரிகளால் ஆகியது. இழை நெருங்க நெருங்க ஆடை நயம் பெறுவதுபோல, வரிகள் மிக மிகப் படம் நுட்பம் பெறும். ஆயின் மனிதக் கண்ணின் ஆற்றலுக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு பாகையை அறுபது கூறாக்கினால் வரும் ஒரு கலை அளவினும் சிறிய இடைவெளியைச் சராசரிக் கண் பிரித்தறிய மாட்டாது. இக்கணக்கின்படி நோக்கின், 405 வரிப் படத்தைப் பார்ப்பவர் படத்தின் உயரத்தைப்போல் ஏறக்குறைய ஒன்பது மடங்கு தொலைவில் அமர்ந்தால் வரிகள் அவர் கண்ணுக்குத் தோன்றா. 625 வரிப் படத்துக்கு ஆறு மடங்கும், 1080 வரிக்கு மூன்று மடங்கும், 2160 வரிக்கு ஒன்றரை மடங்கும், 4320 வரிக்கு முக்கால் மடங்கும் போதும்.

இச்சிறு கணக்கு பின்வரும் வரலாற்றுக்குத் திறவுகோலாக அமைவது. 1950களில் பலர் வீட்டில் இருந்த 14 அங்குலக் குழாயில் படத்தின் உயரம் ஏறக்குறைய எட்டரை அங்குலம். அதன் ஒன்பது மடங்கு ஆறரை அடிக்குச் சற்றுக் குறைவாகும். சாதாரண வீட்டறையில் நாற்காலி இட்டு அமர்பவர் இயல்பாகவே அவ்வளவு தொலைவில் இருப்பார். ஆகவே, பொறியியலார் 405 வரிகளைப் போதாவென்று கருதிய காலத்திலும் இல்லத்தார்க்கு அப்படம் குறையுடையதாகத் தோன்றவில்லை. வரிகளைப் பெருக்குவதன் பயனைக் காணவேண்டுமாயின் திரை பெரிதாதல் வேண்டும். அன்றேல் பார்ப்பவர் நெருங்கி அமர்தல் வேண்டும்.

பிரித்தானியா: இருபதினாயிரம் பெட்டிகள் இட்ட தளை

ஜோன் லோகி பெயேட் என்பார் 1926 சனவரி 26இல் இலண்டன் சோகோப் பகுதியில் தமது தொலைக்காட்சியை அறிஞர் குழுவுக்குக் காட்டினார். பின்னர் 1929இலிருந்து 1935 வரை ஒளிபரப்பான அவரது முறையில் வரிகள் முப்பதே. ஒரு முகத்தை முகமென்று அறிய அது போதுமாயிருந்தது. ஒரு கூட்டத்தைக் காட்டப் போதவில்லை. 1935 சனவரியில் அறிக்கை அளித்த செல்ஸ்டன் பிரபுவின் குழு, பொதுமக்களுக்கான சேவை 240 வரிகளுக்குக் குறையாத ‘உயர்நுண்மை’ உடையதாதல் வேண்டுமென விதந்துரைத்தது. இன்று நாம் 1080 வரிக்கும் அதற்கு மேற்பட்டதற்கும் வழங்கும் அதே சொல் அன்று 240 வரிக்கு வழங்கிற்று என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. உயர்வு என்பது எக்காலத்தும் முன்னிருந்த தாழ்வை நோக்கிய சொல்லே.

1936 நவம்பர் 2இல் பி.பி.சி. நிறுவனம் அலெக்சாந்திரா மாளிகையிலிருந்து சேவையைத் தொடங்கியபோது, பெயேடின் 240 வரி முறையும் ஐசக் சோன்பேர்க் தலைமையில் ஈ.எம்.ஐ. பொறியியலார் ஆக்கிய 405 வரி முறையும் மாறிமாறிப் பயன்பட்டன. 1937 பெப்ரவரியில் முன்னது கைவிடப்பட்டது. 405 வரி முறையில் ஒற்றைப்பட்ட வரிகள் முதலிலும் இரட்டைப்பட்ட வரிகள் அடுத்துமாக வரையப்பட்டமையால், குறைந்த அலைவரிசை அகலத்தில் நடுக்கமற்ற படம் கிடைத்தது. பெட்டியின் விலை தொடக்கத்தில் ஏறக்குறைய நூறு பவுண்; அது ஒரு சிறு மோட்டார் வண்டியின் விலைக்கு நிகர். சேவையும் இலண்டன் நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் தாண்டவில்லை. 1939 செப்தெம்பர் 1இல் போர் காரணமாகச் சேவை நிறுத்தப்பட்ட வேளையில், ஏறக்குறைய இருபதினாயிரம் பெட்டிகளே பாவனையில் இருந்தன.

இவ்விருபதினாயிரம் பெட்டிகளே பிரித்தானியத் தொலைக்காட்சியின் அடுத்த அரை நூற்றாண்டைத் தீர்மானித்தன எனல் மிகையாகாது. போர் முடியுந் தறுவாயில் 1945இல் அறிக்கை விடுத்த ஹாங்கி பிரபுவின் குழு, எதிர்காலத்தில் ஆயிரம் வரி அளவினதான ஒரு முறையை நாடவேண்டும் என்று கூறியதாயினும், சேவையை உடனடியாக 405 வரியிலேயே மீளத் தொடங்குமாறு விதந்துரைத்தது. புதுமுறையை ஆராய்ந்து நிலைநாட்டச் சில ஆண்டுகள் வேண்டியிருந்தன. அதுவரை நாட்டைத் தொலைக்காட்சியின்றி வைத்திருக்க யாரும் விரும்பவில்லை. 1946 சூன் 7இல் பழைய முறையிலேயே சேவை மீண்டது. 1949 திசெம்பரில் சட்டன் கோல்ட்பீல்ட் நிலையம் திறக்கப்பட்டு, இங்கிலாந்தின் நடுப்பகுதிக்கும் அம்முறையே சென்றது. இருபதினாயிரம் வீட்டாருக்கு இழப்பீடு கொடுத்து முறையை மாற்றுதல் 1946இல் இயலாத காரியமன்று. அவ்வாய்ப்பு கைநழுவியபின் ஒவ்வோர் ஆண்டும் மாற்றத்தின் விலை ஏறிக்கொண்டே சென்றது.

1953 சூன் 2இல் நிகழ்ந்த இரண்டாம் எலிசபெத்து அரசியாரின் முடிசூட்டு விழாவை ஏறக்குறைய இரண்டு கோடி மக்கள் தொலைக்காட்சியிற் கண்டனர் என்பர். அவ்வேளை நாட்டில் இருந்த தொலைக்காட்சி அனுமதிப்பத்திரங்கள் இருபது இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டனவே. ஆகவே பெரும்பாலோர் அயலார் வீட்டிலும் உறவினர் வீட்டிலும் கூடியே பார்த்தனர். விழாவை அயல்வீட்டிற் கண்டவர் பலர் அடுத்த ஆண்டுக்குள் தமக்கென ஒரு பெட்டியைப் பெற்றுக்கொள்ள, அனுமதிப்பத்திரங்கள் முப்பது இலட்சத்தைத் தாண்டின. இதன் பயனாக 405 வரி முறை பிரித்தானியாவில் மேலும் ஆழ வேரூன்றியது. அதே காலத்தில் ஐரோப்பாவின் பிற நாடுகள் பல 625 வரி முறையைத் தழுவிக்கொண்டிருந்தன.

1962இல் பில்கிங்டன் குழு 625 வரிக்கு மாறுமாறு விதந்துரைத்தது. இம்முறை அரசு இசைந்தது. ஆயின் ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகளில் இருந்த பெட்டிகளை ஒரே நாளிற் பயனற்றனவாக்க எவ்வரசுக்குத் துணிவுண்டாகும்? அதற்குக் கண்ட வழி, புதுமுறையைப் பழைய சேவையில் புகுத்தாது ஒரு புதிய சேவையோடு பிணைத்தலாகும். 1964 ஏப்பிரல் 20இல் தொடங்கிய பி.பி.சி.யின் இரண்டாம் சேவை 625 வரியில் மட்டும், அதுவும் அதியுயர் மீடிறன் அலையில் மட்டும், ஒளிபரப்பாயிற்று. அதைக் காண விரும்புவோர் இருமுறைக்கும் பொருந்தும் பெட்டியையும் புதிய வானலை வாங்கியையும் பெறவேண்டியிருந்தது. இருமுறைப் பெட்டிகளோ விலை கூடியவை. முறைமாற்றும் ஆளிகள் அடிக்கடி பழுதுபட்டன.

இல்லத்தார் இதனை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதற்குப் ‘போர்சைட் சாகா’ என்னும் தொடர் நாடகம் தக்க சான்றாகும். 1967இல் இரண்டாம் சேவையில் இருபத்தாறு பகுதிகளாக ஒளிபரப்பான இந்நாடகத்தை ஏறக்குறைய அறுபது இலட்சம் மக்கள் கண்டனர். 1968இல் எல்லாப் பெட்டிகளிலும் தெரிந்த முதலாம் சேவையில் அது மறுபடி ஒளிபரப்பானபோது காண்போர் தொகை ஒரு கோடியே எண்பது இலட்சமாயிற்று. வரிகள் குறைந்த படத்தை மூன்று மடங்கு மக்கள் கண்டனர். நாடகத்தின் சுவை வரிகளின் தொகையில் தங்கவில்லை.

மாற்றத்துக்கு உண்மையான உந்துதலைத் தந்தது நிறமே. 1967 சூலை 1இல் விம்பிள்டன் டென்னிசுப் போட்டியுடன் இரண்டாம் சேவையில் நிறப்படம் வந்தது. 1969 நவம்பர் 15இல் மற்றைச் சேவைகளும் 625 வரியில் நிறத்துடன் வரலாயின. நிறப்படம் வேண்டுவோர் 625 வரிப் பெட்டியையே வாங்கவேண்டியிருந்தமையால், நிறத்தை நாடியவர் வரியையும் உடன் பெற்றனர். இன்னொரு காரணமும் துணைசெய்தது. பிரித்தானியரில் ஏராளமானோர் பெட்டியை விலைக்கு வாங்காது மாத வாடகைக்கே பெற்றிருந்தனர். பழுதானால் திருத்துவதும் வாடகை நிறுவனத்தின் பொறுப்பு. முறை மாறினால் இழப்பும் அந்நிறுவனத்துக்கே. பழையதைத் திருப்பிக் கொடுத்துப் புதியதைப் பெறுதல் குடும்பத்துக்கு எளிதாயிற்று. பொறியியல் நூல்கள் அரிதாகவே கூறும் இவ்வாடகை வழக்கம், புதுமுறை பரவுதற்கு ஒரு பாலமாயிற்று எனலாம்.

எனினும் பழைய பெட்டியை விடாது வைத்திருந்தோரை அரசு உடன் கைவிடவில்லை. 405 வரி ஒளிபரப்பு 1985 சனவரி வரை தொடர்ந்தது. 1964இலிருந்து கணக்கிடின் இருபத்தோர் ஆண்டுகள் இரு முறைகளும் அருகருகே இயங்கின. அத்துணை நீண்ட பொறுமையின் செலவைப் பொதுமக்களின் பணமே தாங்கிற்று.

பிரான்சு காட்டும் பாடம்

பிரித்தானியா குறைந்த வரிகளிற் கட்டுண்டதாயின், பிரான்சு மிகுந்த வரிகளிற் கட்டுண்டது. 1948 நவம்பரில் பிரெஞ்சு அரசு 819 வரி முறையைத் தன் தேசிய முறையாக விதித்தது. அன்றைய உலகில் அதனினும் நுட்பமான பொதுச் சேவை வேறில்லை. ஆனால் அதன் ஒவ்வோர் அலைவரிசையும் 14 மெகாஹேட்ஸ் அகலத்தைக் கவர்ந்தது. பெட்டிகளும் விலை கூடியனவாயின. வெளிநாட்டுச் சந்தையும் வாய்க்கவில்லை. பழைய 441 வரிப் பெட்டி வைத்திருந்த பாரிசு மக்களுக்கு 1958ஆம் ஆண்டுத் தொடக்கம் வரை அச்சேவை தொடருமென உறுதி அளிக்கப்பட்டிருந்தது. 1956 சனவரியில் ஈபல் கோபுரத்தில் நேர்ந்த தீ அவ்வொளிபரப்பியை அழிக்கவே, அச்சேவை காலத்துக்கு முன்னரே முடிந்தது.

1964இல் பிரான்சு தனது இரண்டாம் சேவையைத் தொடங்கியபோது 819ஐ விடுத்து 625 வரியையே மேற்கொண்டது. 1967இல் வந்த நிறமும் 625 வரியிலேயே அமைந்தது. 1980களின் முற்பகுதியில் 819 வரி ஒளிபரப்பு நின்றுபோயிற்று. இங்கே நுண்மை முன்னேறவில்லை, பின்னோக்கிச் சென்றது. ஆயினும் மக்கள் அதனை இழப்பெனக் கருதிக் கிளர்ந்தெழவில்லை. நிறமும் மற்றொரு சேவையும் கிடைத்தமையே அவர்களுக்குப் பெரிதாயிற்று. கண்ணுக்கு எட்டாத நுண்மையைக் கைவிடுதல் எளிது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

அமெரிக்கா: ஒத்தியலும் நிறம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 525 வரி முறை 1941இல் நிலைபெற்றது. அங்கே எழுந்த பெருஞ்சிக்கல் வரியைப் பற்றியதன்று, நிறத்தைப் பற்றியது. ஆயினும் பழைய பெட்டியின் வலிமையை அது நன்கு விளக்குகின்றது. 1950 ஒக்தோபரில் அரசின் தொடர்பு ஆணைக்குழு சி.பி.எஸ். நிறுவனத்தின் நிறமுறையை ஏற்றது. நிறம் சிறந்திருந்தபோதும், அவ்வொளிபரப்பை வீடுகளில் இருந்த ஏறக்குறைய ஒரு கோடிப் பெட்டிகள் கறுப்பு வெள்ளையாகவேனும் காட்டமாட்டா. 1951 சூனில் தொடங்கிய ஒளிபரப்பு அவ்வாண்டு ஒக்தோபரிலேயே நின்றது. 1953 திசெம்பரில், பழைய பெட்டியிலும் கறுப்பு வெள்ளையாகத் தோன்றும் ஒத்தியலும் நிறமுறை ஏற்கப்பட்டு நிலைத்தது. அதன்பின்னரும் மக்கள் விரைந்து வாங்கினாரல்லர். 1954இல் ஆர்.சி.ஏ. நிறுவனம் விற்ற முதற் பெட்டியின் விலை ஆயிரம் டொலர். பெரும்பாலான நிகழ்ச்சிகள் நிறத்தில் வந்த 1960களின் நடுப்பகுதியிலேயே விற்பனை பெருகிற்று. நிறப் பெட்டிகளின் விற்பனை கறுப்பு வெள்ளைப் பெட்டிகளை விஞ்சியது 1972இல்தான்.

யப்பான்: முந்தியவர் பெற்ற பேறும் இழப்பும்

1964ஆம் ஆண்டின் தோக்கியோ ஒலிம்பிக் விழாவின் பின்னர், யப்பானின் என்.எச்.கே. நிறுவனம் அடுத்த தலைமுறைத் தொலைக்காட்சியை ஆராயத் தொடங்கிற்று. தகாசி பூஜியோ என்பார் தலைமையில் நடந்த அவ்வாராய்ச்சி பொறியிலன்றி மனிதக் கண்ணிலிருந்து தொடங்கியமை பாராட்டற்குரியது. படத்தின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு தொலைவில் அமர்ந்து, பார்வையின் முப்பது பாகையளவை நிரப்பும் அகன்ற திரையைக் காண்பவர்க்குத் தாம் அக்காட்சியினுள் இருப்பதான உணர்வு தோன்றுமெனக் கண்டனர். அதற்கென 1125 வரி முறை வகுக்கப்பட்டது. 1981இல் அமெரிக்காவிற் காட்டப்பட்டபோது திரைப்படத் துறையினரும் வியந்தனர்.

அம்முறையைச் செய்மதி வாயிலாக அனுப்புதற்கு ‘மியூஸ்’ எனும் சுருக்கமுறை உருவாகியது. 1989இல் நாளொன்றுக்கு ஒரு மணி நேரச் சோதனை ஒளிபரப்புத் தொடங்கிற்று. 1991 நவம்பர் 25இலிருந்து நாளொன்றுக்கு எட்டு மணி நேரமாயிற்று. 1125 வரிகளை நினைவூட்டவே பதினோராம் மாதத்து இருபத்தைந்தாம் நாள் தெரிந்தெடுக்கப்பட்டது. ஆயின் நாள் பொருந்தியதுபோல் விலை பொருந்தவில்லை. தொடக்கத்தில் பெட்டியின் விலை மோட்டார் வண்டியின் விலையோடு ஒப்பிடத்தக்கதாயிருந்தது. பின்னர் விலை இறங்கியதாயினும் பெரும்பாலான வீடுகள் அசையவில்லை. அக்காலத்து யப்பானியர் பலர் விரும்பி வாங்கியது, பழைய 525 வரிப் படத்தையே காட்டும் அகன்ற வடிவப் பெட்டியையாகும். புதுமையின் வடிவத்தை ஏற்று அதன் நுண்மையை விடுத்த அவர்தம் தெரிவு ஊன்றி நோக்கத்தக்கது. வடிவம் அறையின் எம்மூலையிலிருந்தும் தெரியும். நுண்மையோ நெருங்கி அமர்ந்தாலன்றித் தெரியாது.

இதற்கிடையில் அமெரிக்காவில் 1990 சூனில் ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் நிறுவனம் முற்றிலும் இலக்கமுறையில், அதாவது டிஜிட்டல் முறையில், நுண்படத்தை அனுப்பலாம் என முன்மொழிந்தது. மியூஸ் முறை பழையதாகிவிட்டமை அறிந்தோர்க்குப் புலனாயிற்று. 1994 பெப்ரவரியில் யப்பானிய அமைச்சின் உயர் அலுவலர் ஒருவர் நாடு இலக்கமுறைக்கு மாறவேண்டியிருக்கும் என்று கூறினார். தொழிலதிபர்களின் எதிர்ப்பினால் மறுநாளே அக்கூற்றைத் திரும்பப் பெற்றார். எனினும் உண்மையைத் திரும்பப் பெறுதல் இயலவில்லை. 2000 திசெம்பரில் செய்மதி வழியாகவும் 2003 திசெம்பரில் தரைவழியாகவும் இலக்கமுறை நுண்படம் யப்பானில் வந்தது. மியூஸ் 2007இல் ஓய்ந்தது. இருபதாண்டு முந்தி ஓடியவர், ஓடிய பாதையை விட்டு மறுபாதைக்கு வரவேண்டியதாயிற்று. மியூஸ் பெட்டிக்குப் பெரும்பணம் ஈந்த குடும்பங்களே அம்முந்துதலின் விலையைச் செலுத்தின. ஐரோப்பியரும் இதற்குப் போட்டியாக 1986இல் தொடங்கிய 1250 வரித் திட்டத்தை வீடுகள் ஏற்குமுன்னரே 1993இற் கைவிட்டனர்.

இல்லப் பொழுதுபோக்குக் கருவிகள் தரும் சான்று

ஒளிபரப்பைத் தவிர்த்து ஒளிநாடாவையும் ஒளித்தட்டையும் நோக்கினும் இதே உண்மை தோன்றுகின்றது. 1975இல் வந்த பீட்டாமக்ஸ் நாடாவின் படம் 1976இல் வந்த வி.எச்.எஸ். நாடாவின் படத்தினும் சற்றுத் தெளிவானது என்பர். ஆயின் முன்னது தொடக்கத்தில் ஒரு மணி நேரமே பதிந்தது. பின்னது இரண்டு மணி நேரம் பதிந்தது. ஒரு திரைப்படம் முழுவதும் ஒரே நாடாவில் அடங்குதலை மக்கள் பெரிதாகக் கொண்டனர். 1978இல் விற்பனைக்கு வந்த லேசர்த் தட்டு இரண்டினும் சிறந்த படத்தைத் தந்தும், பதிவுசெய்ய உதவாமையாலும் தட்டின் பருமையாலும் ஆர்வலர் சிலரிடமே தங்கிற்று. 1996இல் யப்பானிலும் 1997இல் அமெரிக்காவிலும் வந்த டி.வி.டி. விரைந்து பரவியது. படம் தெளிவாயிருந்தமை ஒரு காரணமே. நாடாவைப் பின்சுற்றும் தொல்லை நீங்கியமையும், தட்டு சிறிதாய் மலிவாய் இருந்தமையும், பழைய பெட்டியிலேயே பொருத்திப் பார்க்க முடிந்தமையும் ஏனைய காரணங்கள். 2006இல் தோன்றிய புளூ-ரே தட்டு, தன் போட்டியாளராகிய எச்.டி. டி.வி.டி.யை 2008 பெப்ரவரியில் வென்றது. எனினும், டி.வி.டி. பெற்ற இடத்தை அது பெறுமுன்னரே, இணையவழிப் படங்கள் தட்டின் தேவையையே குறைக்கலாயின.

நுண்மை இறுதியில் கோடிக்கணக்கான வீடுகளுட் புகுந்தது தட்டைத் திரையோடுதான். பருத்த கதோட்டுக் கதிர்க் குழாய்ப் பெட்டி அறையின் ஒரு மூலையை முழுவதும் கவர்ந்திருந்தது. சுவரில் மாட்டத்தக்க மெல்லிய திரையை மக்கள் இடவசதிக்காகவும் அழகுக்காகவும் வாங்கினர். 2007ஆம் ஆண்டின் கடைசிக் காலாண்டில் திரவப் பளிங்குத் திரைகளின் உலக விற்பனை குழாய்ப் பெட்டிகளின் விற்பனையை முந்திற்று. அத்திரையில் 720 அல்லது 1080 வரி அடங்கியிருந்தமை பலர்க்கு உடன்வந்த பேறேயன்றித் தேடிய பொருளன்று. நுண்திரை வாங்கியோர் பலர் நெடுங்காலம் பழைய நுண்மையுள்ள நிகழ்ச்சிகளையே அதிற் கண்டுகொண்டிருந்தனர். 2010களில் 2160 வரித் திரையும் இவ்வாறே புகுந்தது. பெரிய திரைகள் அந்நுண்மையுடனேயே விற்கப்படலாயின. வாங்குவோர் கேளாமலே அது கிடைத்தது. மாறாக, 2010இல் பெருவிளம்பரத்தோடு வந்த முப்பரிமாணத் தொலைக்காட்சி, வீட்டில் கண்ணாடி அணிந்து அமரும் சிரமத்தை மக்கள் விரும்பாமையாற் சில ஆண்டுகளில் மறைந்தது. 2018 திசெம்பரில் யப்பான் 4320 வரி ஒளிபரப்பைத் தொடங்கிற்று. முன்னர்க் கூறிய கணக்கின்படி அதன் முழுப்பயனைக் காண விரும்புவோர் திரையின் உயரத்தினும் குறைந்த தொலைவில் அமரவேண்டும். எந்த வீட்டில் எவர் அவ்வாறு அமர்வர்?

பழைய பெட்டியை என் செய்வது?

இலக்கமுறை மாற்றம் நிகழ்ந்தபோது அரசுகள் முன்னைய அனுபவத்தால் ஒருவாறு அறிவு பெற்றிருந்தன. அமெரிக்காவில் 1998 நவம்பரில் இலக்கமுறை ஒளிபரப்புத் தொடங்கிப் பழைய முறையும் உடனியங்கிற்று. பழையதை நிறுத்துமுன், ஒவ்வொரு குடும்பமும் விண்ணப்பித்தால் நாற்பது டொலர் பெறுமதியுள்ள இரு பற்றுச்சீட்டுகள் வழங்கப்பட்டன. அவற்றைக் கொண்டு பழைய பெட்டிக்கு ஒரு மாற்றுப்பெட்டி வாங்கிக்கொள்ளலாம். 2009 சனவரியில் ஒதுக்கிய நிதி தீர்ந்து, விண்ணப்பித்தோர் காத்திருக்க நேர்ந்தது. ஆகவே பெப்ரவரி 17இல் நடக்கவிருந்த மாற்றத்தைச் சட்டசபை சூன் 12க்குப் பின்போட்டது. ஒரு வல்லரசின் பெருந்திட்டம் வறியோர் வீட்டுப் பழைய பெட்டிக்காக நான்கு திங்கள் காத்து நின்றது.

பிரித்தானியா 2012 ஒக்தோபரில் மாற்றத்தை நிறைவுசெய்தபோது, எழுபத்தைந்து வயதைக் கடந்தோர்க்கும் உடற்குறை உடையோர்க்கும் தனியாக உதவித்திட்டம் அமைத்திருந்தது. யப்பான் வறிய குடும்பங்களுக்கு மாற்றுப்பெட்டியை இலவசமாக அளித்தது. 2011 சூலை 24இல் நாடெங்கும் பழைய ஒளிபரப்பு நின்றபோதும், அவ்வாண்டு மார்ச்சு மாதத்துப் பெருநடுக்கத்தாலும் ஆழிப்பேரலையாலும் அழிவுற்ற இவாதே, மியாகி, புகுசிமா ஆகிய மூன்று மாகாணங்களில் அதனை 2012 மார்ச்சு முடிவுவரை நீடித்தது. வீடிழந்தோரிடம் புதுப்பெட்டி வாங்குக என்று கூறுதல் முறையன்று என்பதை அவ்வரசு உணர்ந்திருந்தது.

பிந்தித் தொடங்கிய நாடுகள்

முந்தியோர் பட்ட இடர் பிந்தியோர்க்கு இலாபமாதலும் உண்டு. 1959 செப்தெம்பர் 15இல் தில்லியிற் சேவையைத் தொடங்கிய இந்தியாவும், 1979 ஏப்பிரலில் சுயாதீனத் தொலைக்காட்சிச் சேவையையும் 1982 பெப்ரவரி 15இல் யப்பானின் உதவியோடு ரூபவாஹினியையும் தொடங்கிய இலங்கையும் நேரே 625 வரி முறையையே பெற்றன. பிரித்தானியாவோடு நெடுங்காலத் தொடர்புடைய இந்நாடு 1950களிலேயே தொலைக்காட்சியைப் பெற்றிருப்பின், 405 வரித் தளை நமக்கும் வாய்த்திருக்கக் கூடும். தாமதம் நம்மை அத்தளையினின்று காத்தது.

நம் நாட்டு வீடுகள் தொலைக்காட்சியை ஏற்ற விதமும் மேற்கூறிய முடிவுக்கு ஒத்தே உள்ளது. மின்சாரம் எட்டாத ஊர்களில் மோட்டார் வண்டியின் பற்றரியைக் கொண்டு சிறு பெட்டிகளை இயக்கினர். வடபகுதியில் உயர்ந்த கம்பங்களில் வானலை வாங்கியைக் கட்டித் தமிழகத்து நிகழ்ச்சிகளைப் புள்ளிகள் மிடைந்த படமாகவேனும் கண்டு களித்தனர். 1980களில் ஒளிநாடாக் கருவியை வாடகைக்கு எடுத்து, அயலார் சூழ அமர்ந்து விடியும்வரை திரைப்படம் பார்த்தமையை மூத்தோர் இன்றும் நினைவுகூர்வர். பன்முறை படியெடுத்த அந்நாடாக்களில் நுண்மை என ஒன்று எஞ்சியிருந்ததில்லை. காண்போர் தேடியதும் அதுவன்று. தம் மொழியில் ஒரு கதையும், அதனை ஒருங்கிருந்து பார்க்கும் துணையுமே.

2014இல் இலங்கை இலக்கமுறைத் தரையொளிபரப்புக்கு யப்பானிய முறையைத் தெரிந்துகொண்டது. இம்மாற்றத்தை ஆளும் எந்நாட்டிலும் எழும் வினா நம் முன்னும் உண்டு. செய்மதித் தட்டும் இணைய இணைப்பும் வாங்க வல்லவர் எவ்வகையிலும் பார்த்துக்கொள்வர். கூரையில் வானலை வாங்கி ஒன்றை மட்டும் நம்பியிருக்கும் வீட்டுக்கு மாற்றுப்பெட்டியை யார் கொடுப்பது, எத்தனை காலத்துக்குப் பழையதைத் தொடர்வது என்பனவே கேட்கத்தக்க வினாக்கள். வரிகள் எத்தனை என்பது அதன்பின் வருவது.

முடிவுரை

தொலைக்காட்சி முறை ஒன்றை விதிக்கும் அரசு, பெட்டி வாங்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வாக்கை அளிக்கின்றது: ‘இப்பெட்டியை வாங்குக, இதிற் காணத்தக்கதை நாம் அனுப்புவோம்’ என்பதே அவ்வாக்கு. பிரித்தானியா அவ்வாக்கைக் காக்க இருபத்தோர் ஆண்டு பொறுத்தது. சி.பி.எஸ். முறை அவ்வாக்கை மதியாமையால் சில திங்களில் அழிந்தது. மியூஸ் பெட்டி வாங்கியோர்க்கு அவ்வாக்கு அரைகுறையாகவே நிறைவேறிற்று. நுண்மை கூடுதல் நன்றே. அதனை மறுப்பார் இலர். ஆயின் அறிவியலார் வகுக்கும் வரிகளுக்கும் இல்லத்தார் அமரும் நாற்காலிக்கும் இடையே உள்ள தொலைவை அளந்தறியாத திட்டம், எத்துணைச் சிறப்புடையதாயினும், வாயிலிலேயே நின்றுவிடும் என்பதனைத் தொண்ணூறு ஆண்டு வரலாறு நமக்குக் காட்டுகின்றது. பொறியியல் பயிலும் மாணவரும் ஆட்சிப் பொறுப்பேற்கும் மாணவரும் இதனைக் கருத்தில் இருத்துவாராயின், அடுத்த மாற்றத்தின் சுமை அதனைத் தாங்கமாட்டாத வீடுகளின்மேல் விழாது காக்கப்படும்.